கறுத்த ஒயிலும் பழைய எஞ்சினும்

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறிய போது, சில குடும்பங்கள் தம்முடன் கொண்டுவரக் கூடியதாயிருந்த மிகப் பெரிய சொத்து ஒரு பழைய காரே. வீடும் தோட்டக் காணியும் பின்னால் நின்றுவிட்டன. ஒஸ்ரின் ஏ40 வண்டியோ கூரையில் பாயும் சட்டி பானையும் கட்டியபடி, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது. அப்படி வந்த வண்டிகளில் ஒன்றிரண்டு இன்றும் மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகின்றன. வாடகைக்கு ஓடி ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்துவிடப்பட்டது. திறந்தும் எமது வாசகருக்கு அதனால் பயன் அதிகமில்லை. புதிய கார் எமது கைக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே கையிலுள்ள எஞ்சினை எப்படிக் காப்பாற்றுவது என்பதையே இந்தப் பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "சுவாமி, புது ஒயில் விட்டு இரண்டு கிழமையிலேயே கறுத்துப் போச்சு. கடைக்காரன் ஏமாத்திப் போட்டானோ?"

பெரும்பாலும் இல்லை. ஒயிலின் வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமன்று. பிஸ்ரனடியில் பிறக்கும் வெப்பத்தை அது சுமந்து செல்கிறது, உலோகம் துருப்பிடிக்காமல் காக்கிறது, உள்ளே படியும் கரியைக் கழுவுகிறது. இக்காலத்து ஒயிலில் கரியைக் கழற்றி எடுக்கும் பொருளும், எடுத்த கரியைக் கட்டியாக விடாமல் தூளாகவே தாங்கி வைக்கும் பொருளும் கலக்கப்பட்டிருக்கின்றன. எனவே உள்ளே அழுக்குள்ள பழைய எஞ்சினில் புது ஒயில் விரைவாகக் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். உடுப்புத் தோய்த்த தண்ணீர் கலங்கியிருப்பதைக் கண்டு சவர்க்காரத்தைக் குறை சொல்வதில்லையே.

ஆனால் அந்தக் கலங்கல் தண்ணீரிலேயே மீண்டும் மீண்டும் தோய்த்தால் என்ன ஆகும்? தாங்கும் சக்தி தீர்ந்ததும் கரி கட்டிபட்டு, தார் போன்ற களியாகி, வால்வு மூடியின் உட்புறத்திலும் சம்ப் எனப்படும் அடித்தொட்டியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒயில் ஓடும் துவாரங்கள் ஒடுங்குகின்றன. எஞ்சின் சாவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

சக்தி தீர்ந்ததா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். எஞ்சின் சூடாயிருக்கும் போது அளவுக் கம்பியிலிருந்து ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டு, ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள். சாம்பல் நிறம் நடுவிலிருந்து மெல்ல வெளியே பரவினால் ஒயிலுக்கு இன்னும் உயிர் உண்டு. நடுவில் கட்டிக் கறுப்பு வட்டமாக நின்று, ஓரம் வெட்டினாற்போல் முடிந்தால் இனிக் காத்திருக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் விட்ட வினை

1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின் வடக்கில் பெற்றோல் கண்ணுக்கு மருந்தாகியது. கார்புறேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தப் புகையையும் மணத்தையும் அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அது புத்திசாலித்தனம். வேறு வழியும் இருக்கவில்லை. ஆயினும் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் இலகுவில் ஆவியாவதில்லை. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலுடன் கலந்து, அதைத் தண்ணீராக்கிவிடும். பத்துக் கன்னியர் உவமையைப் பிரசங்கிக்கும் போது எண்ணெய் குறைந்துபோனவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம். இங்கே எண்ணெய் கூடுவதுதான் ஆபத்து. அளவுக் கம்பியில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டு போனால் மகிழவேண்டாம், மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மணம் வந்தால் உடனே மாற்றுங்கள். ஒயில் பாலும் கோப்பியும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுந்தூர ஓட்டத்தினால் மூடியடியில் சிறிது வெண்களி படிவதுண்டு, அது பெரிய காரியமன்று. கம்பியிலேயே அந்த நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் கராஜில் காட்டவேண்டும்.

நாம் செய்த ஒரு பிழையையும் சொல்லவேண்டும். 2010 இல் மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில், நெடுநாள் மரத்தடியில் நின்ற எமது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை மீண்டும் ஓட்ட விரும்பினோம். வால்வு மூடியைக் கழற்றினால் உள்ளே விரல் தடிப்பில் களி. "மண்ணெண்ணெய் விட்டு ஓடவிட்டு ஊத்துவம், பளிச்சென்று வரும்" என்றார் ஒருவர். நாமும் அவசரத்தில் சம்மதித்தோம். களி கழன்றது உண்மைதான். ஆனால் கரையவில்லை. துண்டு துண்டாக இறங்கி, பம்பி ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் இரவு, காய்ச்சலில் வலிப்புக் கண்ட ஒரு பிள்ளையை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்கையில் ஒயில் விளக்கு எரிந்தது. பிள்ளையின் நிலையைப் பார்த்து நிறுத்தாமல் ஓட்டினோம். சற்றுத் தூரத்தில் அடியிலிருந்து சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் எழுந்தது. பெயரிங்குகள் போய்விட்டன. மீதித் தூரத்தை ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியில், தாயின் மடியில் பிள்ளையைக் கிடத்திக் கடந்தோம். பிள்ளை தப்பியது. எஞ்சின் தப்பவில்லை.

மெதுவாகத் துப்பரவாக்குதல்

ஆகவே பல ஆண்டு அழுக்கை ஒரே நாளில் கழுவ முயலவேண்டாம். சாதாரண கனிய ஒயிலையும் புது வடிகட்டியையும் போட்டு 500 கிலோமீற்றர் ஓடுங்கள், மாற்றுங்கள். பின் 1,000 கிலோமீற்றரில் மாற்றுங்கள். அதன்பின் 3,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை, அல்லது ஓட்டம் குறைவென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். நின்ற வண்டியிலும் ஒயில் பழுதாகும். களி மிகத் தடிப்பாயின், முதலில் சம்பைக் கழற்றி வலையைக் கையால் துப்பரவு செய்வதே புத்தி. துப்பரவான பின் சில இடங்களில் ஒயில் கசியத் தொடங்கலாம். அதுவரை அழுக்கே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

இப்பழைய பிரித்தானியக் கார்களுக்கு எமது வெப்பத்தில் 20டபிள்யூ-50 தரம் பொருந்தும். ஏறக்குறைய 4 லீற்றர் கொள்ளும். விலை கூடிய ஒயிலை வாங்கி ஒன்றரை வருடம் வைத்திருப்பதிலும், விலை குறைந்ததை வேளைக்கு மாற்றுவதே மேல் என்பது எமது எண்ணம். ஆனால் முத்திரை உடைந்த கானில் விற்பதை வாங்க வேண்டாம். ஐந்து வண்டிக்காரர் சேர்ந்து 20 லீற்றர் வாளி ஒன்றை வாங்கிப் பிரித்தால் செலவு குறையும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதைச் செய்யலாம்.

மாற்றுவதற்கு முன் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சூட்டில்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, சம்ப் நட்டைக் கழற்றி அரை மணித்தியாலம் வடியவிடுங்கள். வடிகட்டி கிண்ணத்துக்குள் இருக்கும் வகையாயின் பழைய றப்பர் வளையத்தைக் கிண்டி எடுத்த பின்பே புதியதை வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒயில் முழுவதும் வீதியில் ஊற்றுப்படும். புது ஒயில் விட்டு, விளக்கு அணையும்வரை முடுக்காமல் ஓடவிடுங்கள். மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் கதவின் உட்புறத்தில் எழுதி வைப்பது நல்லது.

கார் இல்லாதவர்கள் இதைத் தமக்கல்ல என்று விட்டுவிட வேண்டாம். தோட்டத்தில் நீர் இறைக்கும் சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் வடிகட்டியே கிடையாது. அரை லீற்றருக்குச் சற்றுக் கூடிய ஒயிலே எல்லா அழுக்கையும் சுமக்கிறது. புது எஞ்சினுக்கு முதல் 20 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் மாற்றவேண்டும். வெங்காயக் காலத்தில் தினமும் நான்கு மணித்தியாலம் இறைப்பவருக்கு நூறு என்பது 25 நாள்தான்.

இறக்கிய கறுத்த ஒயிலை எங்கே ஊற்றுவது? கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஒருபோதும் வேண்டாம். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015 ஆண்டுகளில் எம்மை உலுக்கியது. மக்கள் குடிநீருக்குப் பவுசர்களை எதிர்பார்த்து நின்றனர். அது பெரிய இடத்துக் கழிவு என்பது உண்மை. எனினும் ஒரு காரின் 4 லீற்றரும் ஒரு கிணற்றைப் பழுதாக்கப் போதும். மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். கறையானுக்காக வேலிக் கட்டைகளின் அடியில் பூசும் வழக்கம் உண்டு. கிணற்றுக்கு அருகிலுள்ள வேலிக்கு அதையும் தவிருங்கள். கறுத்த ஒயில் நெடுங்காலம் தோலில் படுவது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயால் துடைக்காமல் சவர்க்காரத்தால் கைகளைக் கழுவுங்கள். கான்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த இதழில் ரேடியேற்றரையும் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பையும் பார்ப்போம்.