கசப்பைக் கப்பலேற்றிய கட்டுக்கதை

பாசிக்குடா விடுதிகளிலும் சரி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கூடும் முற்றங்களிலும் சரி, கசப்பான பேல் ஏல் பியரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே கதைதான் வருகிறது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரருக்கு அனுப்பிய பியரெல்லாம் கப்பலிலேயே கெட்டுப்போனதாம். லண்டன் மதுவடிப்பாளர் ஹொட்சன் ஹாப்ஸ் பூவையும் மதுசாரத்தையும் அள்ளிக் கூட்டினாராம். அப்படிப் பிறந்ததுதான் ‘இந்தியா பேல் ஏல்’ என்ற புதுப் பியராம். மூன்று வாக்கியம், மூன்றும் பிழை. படித்தவர்களும் இதைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

முதலில் கெட்டுப்போன கதையைப் பார்ப்போம். 1780களின் கல்கத்தாப் பத்திரிகை விளம்பரங்களில் கருநிறப் போர்ட்டர் பியரும் வெளிறிய பேல் ஏலும் பக்கம் பக்கமாகவே விலை பேசப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பனியின் ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் போர்ட்டர் பீப்பாய் பீப்பாயாகப் போனது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, வெப்பக் கடலை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதம் ஓடிய அதே கப்பல்களில்தான் அதுவும் வந்தது. எல்லாப் பியரும் கெட்டதென்றால் எதை விற்றார்கள்? ‘வெயில் நாட்டில் கறுப்புப் பியர் எடுபடாது’ என்பாருக்கும் பதில் நம் தீவிலேயே இருக்கிறது. 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய மதுவடி நிறுவனத்தின் வாரிசு, இன்று பியகமவில் லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியரை வடிக்கிறது. அது இன்னமும் விற்கிறது.

அடுத்தது ஹொட்சனின் ‘கண்டுபிடிப்பு’. ஹாப்ஸ் பியரைக் காக்கும் என்பதை ஜெர்மன் துறவி ஹில்டெகார்ட் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். வெப்ப நாட்டுக்குப் போகும் பியருக்கு ஹாப்ஸைக் கூட்டிப் போடவேண்டும் என்பது 1760களிலேயே இங்கிலாந்து வடிப்போர் அறிந்த பாடம். அந்தப் பியரின் மதுசாரமோ ஏறத்தாழ 6 சதவீதம்தான். இங்கிலாந்தில் வீட்டு நிலவறைகளில் ஆண்டுக்கணக்காக முதிரவிட்ட ஏல்கள் அதைவிடக் கடுமையானவை. ஹொட்சன் குடும்பத்திடம் இருந்தது வேறு இரண்டு. 1752இல் தொடங்கிய அவர்களுடைய போ மதுவடி நிலையம் கம்பனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வோல் துறைக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர்கள் 18 மாதக் கடனும் கொடுத்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடை, தாராளமான கடன்கொப்பி! இந்த வியாபார சூட்சுமத்தை எழுவான்கரைக் கடைக்காரர் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1820களில் ஹொட்சன்கள் கப்பல் தலைவர்களை ஒதுக்கித் தாங்களே வாணிபம் செய்ய முனைந்ததும், கம்பனியின் இயக்குநர் ஒருவர் பர்டன் நகரத்து மதுவடிப்பாளர் ஒல்சொப்பை நாடினார். ஜிப்சம் கரைந்த பர்டன் நீர் கசப்பைக் கூர்மையாக்கியது, சந்தை கைமாறியது. ‘கிழக்கிந்திய பேல் ஏல்’ என்ற பெயரே 1829இல்தான் சிட்னிப் பத்திரிகை விளம்பரத்தில் அச்சேறுகிறது. பெயர் வருமுன்பே பியர் பல்லாண்டுகள் கடலோடிவிட்டது.

‘அப்படியானால் ஹாப்ஸ் காக்கவில்லையா?’ என்று கேட்கலாம். காத்தது, ஒரு பகுதியை. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் லாக்டோபசில்லஸ் போன்ற பக்டீரியாக்களை அடக்கும். காட்டு ஈஸ்ட்டும் வினாகிரிப் பக்டீரியாவும் அதற்கு அடங்குவதில்லை. ஆகவே கசப்பு ஒரு வேலி மட்டுமே; கோட்டை அல்ல. கசப்புப் பியர்மேல் இன்றுள்ள மோகத்துக்கும் கப்பலுக்கும் தொடர்பே இல்லை. 1972இல் அமெரிக்காவில் வெளியான கஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையின் தோடம்பழ வாசனையை 1975இல் லிபர்ட்டி ஏலும், 1980இல் சியரா நெவாடாவின் பேல் ஏலும் போத்தலில் அடைத்தன. கசப்புக்குப் பின்னால் எழும் அந்த வாசனைக்குத்தான் உலகம் மயங்கியது.

மற்றக் கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. கசப்புக் கூடுவதால் வெறி கூடிவிடாது. வெறி, புளித்த சர்க்கரையின் கணக்கு. ஹாப்ஸ் கஞ்சாவின் குடும்பத்துச் செடிதான். ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் அதில் இல்லை. பியர் சிறுநீரகக் கல்லைக் கரைக்காது. சிறுநீரைக் கூட்டி, வெயிலில் உடலை வற்றவைக்கவும் கூடும். கல் இருப்பவர் தண்ணீர் குடிக்கட்டும், வைத்தியரைப் பார்க்கட்டும்.

பொய்க்கதையால் என்ன நட்டம் என்போருக்கு ஒன்று சொல்லவேண்டும். பானம் கெடாமல் காக்கும் வித்தையை எங்கோ லண்டனில் தேடுகிறவர்கள், வாவிக்கரைத் தென்னையையும் பனையையும் அண்ணாந்து பார்ப்பதில்லை. முட்டியில் விழுந்த கணமே புளிக்கத் தொடங்குவது கள்ளு. அதே முட்டியில் சுண்ணாம்பைப் பூசினால் நொதிப்பு அடங்கிப் பதநீராக இறங்குகிறது. கள்ளை வடித்தால் கெடாத சாராயம், புளிக்கவிட்டால் வினாகிரி, மாவில் விட்டால் அப்பம். சீவல்காரர் கையறிவாக வைத்திருக்கும் நுண்ணுயிரியல் இது. மரமேறுவோர் குறைய, அந்த அறிவும் அவர்களோடு இறங்கிப் போகிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கொஞ்சம் படுவான்கரைப் பக்கம் போய், முட்டிகளில் வாழும் ஈஸ்ட்டை எடுத்து ஆராயட்டும். ஏறும் கைகள் இருக்கும்போதே பதியட்டும். ஹொட்சனின் பெயர் ஒப்புவிக்கத் தெரிந்த நமக்கு, நம் ஊர்ச் சீவல்காரர் ஒருவரின் பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா?