பிரேக் ஆயில் எங்கே போகுது?

எலக்ட்ரிக் பைக்கில் இன்ஜின் ஆயில் இல்லை. ஆனா டிஸ்க் பிரேக்குக்கு ஆயில் உண்டு. நம்ம பாடத்தில் வரும் பாஸ்கல் விதிப்படி, லீவரில் கொடுக்கும் அழுத்தம் ஆயில் வழியாப் போய், பேடை டிஸ்க்கில் அமுக்கும்.

கே.கே. நகர்ல எங்க மாமா வண்டியில் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மெக்கானிக் அண்ணன் சொல்லச் சொல்ல நான் பார்த்தேன்:

1. பேட் தேய்ந்தாலும் ஆயில் கொஞ்சம் இறங்கும். இதில் பேட் தேயவில்லை. அப்போ கசிவுதான்!
2. லீவர் பக்கமும் ஹோஸ் இணைப்புகளும் காய்ந்திருந்தன.
3. காலிப்பர் பிஸ்டன் ஓரம் ஈரம். சீல் போயிருச்சு!

ஆயிலை மட்டும் ஊற்றினால் தீராது. உள்ளே காற்று புகுந்தால் அது அமுங்கும். லீவர் மெத்துன்னு போகும், பிரேக் பிடிக்காது.

சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீங்க!

— 9 'ஆ' மாணவன்