எருசலேம் போகிறீர்களா? யூதரிடம் இயேசுவைப் பற்றிப் பேசும் முன்…

கொத்தமங்கலம், காரைக்குடி பக்கமிருந்து அரசு மானியத்திலோ சொந்தச் செலவிலோ புனித பூமிக்குப் புறப்படும் குழுவில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகோஸ்தே என்று எல்லாரும் இருப்பீர்கள். யூதருக்குச் சுவிசேஷம் சொல்லலாமா என்பதில் உங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருக்காது. அங்கே போய்ச் சிக்கலில் மாட்டுவதைவிட, பெட்டி கட்டும்போதே இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் சபையின் நிலைப்பாட்டை இன்றே பாஸ்டரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். யூதரை நோக்கித் திருச்சபை தனியாக மிஷன் நடத்துவதில்லை என்றது 2015 வத்திக்கான் ஆவணம். யூதருக்கும் அறிவித்தே ஆகவேண்டும் என்றது 1989-ன் இவாஞ்சலிக்கல் வில்லோபேங்க் அறிக்கை.

2. ரோமர் 9 முதல் 11 வரை படித்துவிட்டுப் புறப்படுங்கள். இரு தரப்பும் வசனம் எடுப்பது அங்கிருந்துதான்.

3. கேட்டால் மட்டும் உங்கள் விசுவாசத்தைச் சொல்லுங்கள். தனி மனிதர் பணிவோடு சாட்சி சொல்வதை அதே வத்திக்கான் ஆவணமும் தடுக்கவில்லை.

4. யாத் வஷேம் யூத இனப்படுகொலை நினைவகத்தில் பேசாமல் பாருங்கள். 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டது கிறிஸ்தவர் நிறைந்த ஐரோப்பாவில். அந்த வரலாற்றையும் எண்ணித்தான் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் மாமன்றம் 2016-ல் யூதரை மதம் மாற்றும் முயற்சியைக் கைவிட்டது.

5. மேற்குச் சுவரில் ஆண்கள் தலையை மூடுங்கள், பெண்கள் தங்கள் பகுதிக்குப் போங்கள். நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு ஜெபம்.

செய்யக்கூடாதவை

1. கைப்பிரதிக் கட்டுகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். பெரியவர்களிடம் விசுவாசத்தைப் பேச இஸ்ரேலில் தடையில்லை. ஆனால் தெருவில் நீட்டினால் தகராறு வரும், மொத்தக் குழுவும் காத்துக்கிடக்கும்.

2. மதம் மாறினால் பணம், பரிசு, உதவி என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். 1977 சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை.

3. சிறுவர்களிடம் மதமாற்றப் பேச்சே எடுக்காதீர்கள். அதுவும் அங்கே குற்றம்.

4. “இயேசுவைக் கொன்றவர்கள்” என்று யாரையும் பழிக்காதீர்கள். எல்லா யூதர் மேலும் அந்தப் பழியைப் போடக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-ல் சொல்லிவிட்டது.

5. யூதரோடு பேசியதை வீடியோ எடுத்துச் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பிரசாரம் என்றாலே அங்கே பலருக்குக் கோபம் வரும்; மதப் பிரசாரத்துக்குச் சிறை கேட்டு 2023-ல் ஒரு மசோதாவே வந்தது. நிறைவேற விடமாட்டோம் என்று பிரதமர் நெதன்யாகு சொன்ன பிறகுதான் அடங்கியது.

6. கூட வரும் யூத கைடைப் பிடித்துப் பிரசங்கம் செய்யாதீர்கள். உங்களோடு வருவது அவர் பிழைப்பு. எழுந்து போக முடியாதவரிடம் பேசுவதற்குப் பெயர் சாட்சி அல்ல, தொந்தரவு.