பாலர் மையத்தின் தரம் காணுதல்: கந்தக பூமியை முன்வைத்து

பிள்ளைத்தமிழ் பயிலும் மாணவர் அதன் பத்துப் பருவங்களையும் வரிசை பிறழாமல் ஒப்பிப்பர். ஆயின் அவை குழந்தையின் வளர்ச்சியைக் கண்ணாரக் கண்டு பகுத்த பகுப்பு என்பதை நின்று எண்ணுவோர் சிலரே. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டிக் கையூன்றித் தலையசைப்பது செங்கீரை. இரு கையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருக என அழைப்பது வாரானை. எட்டாத நிலவை எட்ட விழைவது அம்புலி. மூன்றாம் திங்கள் தொடங்கி இரண்டிரண்டு திங்கள் இடையிட்டு இப்பருவங்களை அமைப்பது ஒரு மரபு. பாட்டியல் நூல்கள் இதில் தம்முள் வேறுபடுவதும் உண்டு. ஆண்பாற்குரிய இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற்குரியவற்றில் அம்மானையும் ஊசலும் வரும். அனைத்தும் விளையாட்டே. எழுத்தாணி பிடிக்கும் பருவம் என ஒன்றை நம் புலவர் வகுத்திலர். நபிநாயகம் பிள்ளைத்தமிழ் பாடிய இஸ்லாமியத் தமிழ்ப் புலவரும் இம்மரபையே மேற்கொண்டனர்.

இன்று மூன்று வயதுக் குழந்தையை ஒரு மையத்தில் சேர்க்கச் செல்லும் பெற்றோர் முதலில் கேட்கும் வினா, "எழுதச் சொல்லித் தருவீர்களா?" என்பதே. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவே இக்கட்டுரைக்குக் காரணம். சிறார் கல்வி மையம் ஒன்று நன்றா, தீதா எனக் காண்பது எங்ஙனம்? இவ்வினாவை விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு, தீப்பெட்டி வட்டாரத்தில் வைத்து ஆராய்வது பொருந்தும். அங்கு இது வெறும் கல்வியியல் வினாவன்று.

மண்ணும் தொழிலும்

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்து காமராசர் மாவட்டமாகி, பின் 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்ற இப்பகுதி, மழை பொய்க்கும் கரிசற்காடு. 1923ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபின், வேளாண்மை கைவிட்ட ஊர்களுக்குத் தொழில் சோறு கொடுத்தது. அத்தொழிலே சிறுவரின், அவரினும் மிகுதியாகச் சிறுமியரின், கைகளையும் வாங்கிக்கொண்டது. கோழி கூவுமுன் ஊர் ஊராகப் பேருந்து வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறிப் பணிக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. அவ்வழக்கு சிவகாசியை முன்வைத்தே எழுந்தது.

சட்டத்தால் ஆலைகளில் சிறுவர் கூட்டம் பெரிதும் குறைந்தது. தாய்மார் தொடர்ந்து சென்றனர். அவர்கள் விட்டுச் செல்லும் இரண்டு வயதுக் குழந்தையைக் காப்பவர் யார்? நல்ல மையம் இருப்பின் மையம். இல்லையேல் பாட்டி, பாட்டியும் இல்லையேல் மூத்த பெண். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்ல இயலாது. ஆகவே ஒரு பாலர் மையத்தின் தரம் அங்குள்ள குழந்தையை மட்டுமன்றி, அங்கு இல்லாத அதன் அக்காளின் படிப்பையும் முடிவு செய்கிறது. மதிப்பீட்டுப் படிவங்கள் எவற்றிலும் இந்த அக்காளுக்கு ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டதாக யான் கண்டதில்லை.

ஏடும் எடைத்தராசும்

தமிழ்நாட்டில் குழந்தை நலத் திட்டங்கள் பெரும்பாலும் வயிற்றிலிருந்தே தொடங்கின. விருதுநகர் தந்த காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொணர்ந்தார். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் 1975 அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அளவில் 33 வட்டாரங்களில் தொடங்கின. உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், திங்கள்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை ஏறாத குழந்தையைக் கண்டு அதற்கு உணவு வழங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி செல்லாச் சிறாரையும் சேர்த்துக்கொண்டது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. மக்கள் வழக்கில் அவை இன்னும் 'பால்வாடி'யே.

இவ்வரலாற்றின் பயன் பெரிது, அதில் ஐயமில்லை. ஆயின் அது ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. எடை, முட்டை, அரிசி, வருகை என எண்ணத் தக்கவற்றை மட்டும் எண்ணுதல் என்பது அப்பழக்கம். ஆய்வு செய்ய வரும் அலுவலர் பதிவேடுகளைப் புரட்டிக் கையொப்பமிட்டுச் செல்வார். அக்குழந்தை அன்று எத்தனை சொல் பேசிற்று என்பதற்குப் பதிவேடு இல்லை. பெயர் சுட்ட வேண்டாத ஒரு மையத்தில் மரப் பொம்மைகளும் வண்ணக் கட்டைகளும் அலமாரியில் நெகிழித்தாள் பிரியாமலே இருக்கக் கண்டேன். கேட்டபோது, "பிள்ளைகள் எடுத்தால் உடைந்துவிடும், கணக்குக் கேட்பார்கள்" என்றார் அம்மையார். அவர்மேல் குற்றமில்லை. பொருளிருப்பைத் தரமெனக் கொண்ட மதிப்பீடு அவருக்குக் கற்பித்த பாடம் அது.

அளவுகோல்கள்

மேனாட்டில் இதற்கெனச் செய்த கருவிகளுள் புகழ்பெற்றது, வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் தெல்மா ஆர்ம்சும் ரிச்சர்டு கிளிஃபோர்டும் 1980இல் வெளியிட்ட சிறார் சூழல் அளவுகோல். இடமும் தளவாடமும், தனிநபர் பராமரிப்பு, மொழியும் சிந்தனையும், செயல்பாடுகள், உறவாடல், நிகழ்ச்சி அமைப்பு, பெற்றோரும் பணியாளரும் என்னும் ஏழு தலைப்புகளில் 1998ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அமைந்தது. ஒவ்வோர் உருப்படிக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். ஒன்று என்றால் போதாமை, மூன்று குறைந்த அளவு, ஐந்து நன்று, ஏழு மிக நன்று. மதிப்பிடுபவர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வகுப்பில் வாளாவிருந்து நோக்கவேண்டும் என்பதே இதன் உயிர்நிலை. வந்தார், கண்டார், கையொப்பமிட்டார் என்னும் முறைக்கு இதில் இடமில்லை.

இதனை அப்படியே பெயர்த்து நடுதல் ஆகாது. பாயில் அமர்ந்து பயிலும் குழந்தைக்கு நாற்காலி உயரத்தால் மதிப்பெண் இடுவது நகைப்புக்குரியது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, இவ்வளவுகோலைத் தமிழ்நாட்டு மையங்களுக்கேற்ப மாற்றியமைத்தது. சிறார் கல்விக்கென வாழ்நாளெல்லாம் உழைத்து 2022இல் மறைந்த மீனா சுவாமிநாதன், தாயின் உழைப்பையும் குழந்தையின் பராமரிப்பையும் ஒன்றையொன்று பிரிக்கலாகாது என இடைவிடாது எழுதிவந்தவர். அவர் பெயரை இவ்விடத்தில் நினைவுகூர்வது கடன்.

நடுவண் அரசு 2013இல் வெளியிட்ட தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, விட்டுக்கொடுக்கலாகாத சில நெறிகளை உரைத்தது. முப்பது குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள இருபது குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், மூன்று வயதிற்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், தாய்மொழிவழிச் செயல்பாடு, நாள்தோறும் மூன்று முதல் நான்கு மணி நேர நிகழ்ச்சி, எந்நேரமும் குழந்தைகள் தனித்து விடப்படாமை ஆகியன அவற்றுட் சில. ஓர் அறைக்குள் கணக்கிட்டால் ஒரு குழந்தைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதல். இதுவே பல இடங்களில் எட்டாக்கனி.

கந்தக பூமிக்குரிய கேள்விகள்

மேற்கூறிய கருவிகள் யாவும் பொது. இவ்வட்டாரத்துக்கெனச் சில கேள்விகளைச் சேர்க்கவேண்டும் என்பது என் துணிபு.

முதலாவது நேரம். பட்டாசு ஆலைக்குச் செல்லும் தாய் காலை வெயில் ஏறுமுன் வேனுக்காக நிற்கிறாள், மாலைதான் திரும்புகிறாள். மையமோ அவள் சென்றபின் திறந்து, வருமுன் மூடுகிறது. தீபாவளி நெருங்க நெருங்க வேலை நேரம் நீளும்; மையத்தின் நேரம் நீளாது. சுவரில் தீட்டிய ஓவியமும் வண்ண இருக்கையும் இவ்விடைவெளியை நிரப்பா. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதிற்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காற்றும் ஒளியும் உள்ள அறையும், பயிற்சி பெற்ற பெண் காப்பாளரும் வேண்டும் என விதித்தது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய பணிச்சூழல் சட்டத் தொகுப்பு இதனை ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் என மாற்றி எழுதியது. எனினும் வெடிமருந்து கையாளும் வளாகத்துக்குள் குழந்தையைக் கொணர்வது தகுமா என்னும் ஐயம் நியாயமானது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை எண்ணுவோர் எவரும் ஆலைக்குள் தொட்டில் கட்டத் துணியார். ஆகவே ஆலைக்கு அப்பால், ஊருக்குள், ஆலையின் நேரத்தை ஒட்டித் திறந்திருக்கும் மையமே வேண்டுவது. மதிப்பீட்டின் முதற் பக்கத்தில் திறக்கும் மணி, மூடும் மணி, வேன் வரும் மணி என மூன்றையும் அருகருகே எழுதினாற் போதும். பாதி உண்மை அங்கேயே வெளிப்படும்.

இரண்டாவது கை. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் புழங்கும் கைகள் மாலையில் வெள்ளிப் பூச்சுடன் வீடு திரும்புகின்றன. அக்கையே சோறு பிசைகிறது. அச்சேலை முந்தானையே குழந்தையின் வாய் துடைக்கிறது. தீக்குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், காகிதக் குழல் உருட்டுதல் ஆகியன வீட்டுத் திண்ணையிலும் நடப்பதால் வீடும் பாதி ஆலையே. மையத்தில் சோப்பும் ஓடும் நீரும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளனவா, தாய்மாரோடு இதுபற்றிப் பேசும் வழக்கம் உண்டா என நோக்குவது ஏனைய ஊர்களில் தூய்மைப் பாடம்; இங்கோ உயிர்ப் பாடம்.

மூன்றாவது அழுகை. தொழுகையை நீட்டிக்க எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னிருந்து எழுந்த குழந்தையின் அழுகுரல் கேட்டு, அத்தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாக ஹதீஸ் கூறும். இறைவணக்கத்தையே சுருக்கச் செய்த குரல் அது. மையத்தில் ஒரு குழந்தை அழுதால் யார் எழுகிறார், எவ்வளவு நேரத்தில், என்ன சொல்லி எனக் கடிகாரம் பார்த்துக் குறிக்கலாம். "அழாதே" என்னும் அதட்டலுக்கும் "என்னம்மா ஆச்சு?" என்னும் வினாவுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கட்டடத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

இங்கே பணியாளர் பக்கமும் நியாயம் உண்டு. கற்பித்தல், எடை பார்த்தல், பதிவேடு, கர்ப்பிணியர் கணக்கு, வீடு வீடாகச் செல்லுதல் என அனைத்தும் ஒருவர் தலையில் விழுகின்றன. கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளரும் தமிழ்நாட்டில் நான்கு மாவட்ட அங்கன்வாடிகளில் நடத்திய ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. கற்பித்தலுக்கென அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திய மையங்களில், கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினர். வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. பல இலக்கம் செலவிட்டுக் கட்டடம் புதுக்குவதினும் ஒரு கை கூட்டுவது பயனுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எழுத்தும் பேச்சும்

நகர்ப்புறத்து நர்சரிகள் கழுத்துப்பட்டையும் ஆங்கிலப் பாட்டும் காட்டிப் பெற்றோரை ஈர்க்கின்றன. ஆலைத் தொழிலாளியும் வாரக்கூலியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குகிறார்; தம் கை பட்ட பாடு பிள்ளையின் கைக்கு வேண்டா என்னும் வேட்கை அது; எள்ளத் தக்கதன்று. அரசும் 2019 சனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. பெயர் எதுவாயினும் உள்ளே நிகழ்வது யாது என்பதே கேள்வி. அங்கன்வாடிகளுக்கென வகுத்த 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம், பெயரளவிலேயே பிள்ளைத்தமிழ் மரபை ஒட்டியது. நடைமுறையில் அது எழுதுபலகைக்கு இடம் விட்டுக்கொடுக்கிறதா என நோக்கவேண்டும்.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் ஒரு பணி உண்டு. கல்வியியலார் இடத்தையும் பொருளையும் அளக்கட்டும். சொல்லை அளக்க நம்மால் இயலும். ஒரு மையத்தில் மூன்று மணி நேரம் ஒரு மூலையில் அமர்ந்து, ஆசிரியை கூறும் தொடர்களைக் குறித்துக்கொள்க. அவற்றுள் ஏவல் எத்தனை, வினா எத்தனை, கதை எத்தனை? விடை தெரிந்தே கேட்கும் வினா எத்தனை, விடை தெரியாமல் கேட்டது எத்தனை? குழந்தை தானாகத் தொடங்கிய பேச்சு எத்தனை முறை முழுமை பெற்றது? "இது என்ன நிறம்?" என்பதற்கு முப்பது குழந்தைகள் ஒரே குரலில் விடை சொல்வது கேட்க இனிது, அதில் எக்குழந்தையின் குரலும் இல்லை. கரிசற்காட்டுக் குழந்தைகள் வீட்டிலிருந்து கொணரும் சொற்களை, விடுகதைகளை, அம்மானைப் பாட்டின் எச்சங்களை மையம் ஏற்கிறதா, திருத்துகிறதா என்பதும் குறிக்கத் தக்கது. பள்ளிவாசலையொட்டிய மக்தபில் காலையில் ஓதிவிட்டு வரும் குழந்தை அறிமுகப்படுத்தும் அரபுச் சொல்லுக்கும் அங்கே செவி கிடைக்கிறதா என நம்மவர் ஒரு கண் வைக்கலாம்.

ஏட்டை மூடியவுடன் புறப்பட்டுவிடலாகாது. மையம் முடியும் வேளையில் வாயிலில் சற்றே நிற்க. குழந்தையை அழைத்துச் செல்ல வருபவர் பாட்டியா, பக்கத்து வீட்டாரா, பத்து வயதுச் சிறுமியா எனக் காண்க. சிறுமியாயின், அன்று பள்ளி நாள்தானா என்பதையும், அவள் எந்த வகுப்பில் பயில்கிறாள் என்பதையும் கேட்டு, அதனையும் எழுதிக்கொள்க.