மூச்சு யந்திரத்தை அலமாரியில் வைக்காதீர்கள்



குறட்டை விட்டுத் தூங்குகிறவனைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வது நம் வழக்கம். பெரட்டுக்கு நேரமாகியும் எழுந்திருக்காதவனைச் சோம்பேறி என்று ஏசுவோம். ஆனால் இவர்களில் சிலர் இரவு முழுவதும் சரியாகத் தூங்கவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? கண் மூடியிருக்கும், குறட்டை வரும், பிறகு அது திடீரென்று நின்றுவிடும். மார்பு ஏறி இறங்கும், காற்றோ உள்ளே போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அரை நிமிடத்துக்கு மேலும் இப்படிக் கிடந்துவிட்டு, பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு உயிர் போய் உயிர் வரும். அவருக்கோ காலையில் ஒன்றும் நினைவிருக்காது.

இதற்குத் தூக்க மூச்சுத் தடை என்று பெயர். டாக்டர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்பார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, காற்றுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. மூச்சு நிற்பதும் குறைவதும் ஒரு மணி நேரத்தில் 15 தடவையைத் தொட்டால் நடுத்தரம், 30ஐத் தொட்டால் கடுமை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, இருதயம் திணறுகிறது. காலையில் தலைவலி, இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர், பகலெல்லாம் தூக்கக் கலக்கம், மருந்து சாப்பிட்டும் இறங்காத இரத்த அழுத்தம். பெண்களுக்கும், முக்கியமாக மாதவிலக்கு நின்ற பிறகு, இது வருகிறது. பெண் பிள்ளை குறட்டை விடுகிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு வீட்டார் மறைத்துவிடுவதால் பலருடைய நோய் வெளியே தெரிவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனை முடித்து, 'சி-பேப்' என்ற மூச்சு யந்திரத்தையும் வாங்கி வந்துவிட்டவர்களுக்காகவே இந்த மாதம் எழுதுகிறேன். ஏனென்றால் பலர் யந்திரத்தை வாங்குகிறார்கள், நாலு நாள் போட்டுப் பார்க்கிறார்கள், பிறகு அது அலமாரி மேல் ஏறிவிடுகிறது. "எனக்கு ஒத்து வரலே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஒத்து வராமல் போவதற்குக் காரணங்கள் உண்டு, அநேகமாக எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் பரிகாரமும் உண்டு.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். "பாவம், அந்த வீட்டு அண்ணனுக்கு ஆக்சிஜன் வெச்சிட்டாங்களாம்" என்று லயத்தில் பேச்சு கிளம்பிவிடும். இது ஆக்சிஜன் அல்ல. கேஸ் தோம்பும் கிடையாது. உங்கள் அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, வடிகட்டி, கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்புகிறது, அவ்வளவுதான். காற்றில்லாத சைக்கிள் டியூப் தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது, காற்று அடித்தால் உள்ளே வழி திறந்து நிற்கிறது அல்லவா? தொண்டையிலும் அதே வேலைதான் நடக்கிறது. அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், ஒரு பாத்திரத் தண்ணீரில் குழாயைப் பத்து செண்டிமீட்டர் ஆழம் விட்டு ஊதினால் குமிழி வருமே, ஏறக்குறைய அந்த அளவு. ஆளுக்கு ஆள் அது மாறும். பொதுவாக இந்த யந்திரங்கள் 4 முதல் 20 செண்டிமீட்டர் வரை கொடுக்கக்கூடியவை.

1980க்கு முன்னால் இந்த நோய் கடுமையாக வந்தவர்களுக்கு டாக்டர்கள் செய்தது என்ன தெரியுமா? கழுத்தில் துளை போட்டு, அதன் வழியாக மூச்சு விட வைத்தார்கள். அந்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வீடு சுத்தம் செய்யும் வாக்கும் கிளீனரின் காற்று மோட்டாரை வைத்து முதல் யந்திரத்தை உருவாக்கினார். மாஸ்க்கைப் பசை போட்டு மூக்கில் ஒட்டவேண்டியிருந்தது. 1981இல் ஐந்து நோயாளிகளின் விவரத்தை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்று உங்கள் தலைமாட்டில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. சத்தமும் குறைந்துவிட்டது, பசையும் வேண்டியதில்லை.

முதல் இரவுகள்

முகத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கு என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? மூச்சை வெளியே விடும்போது எதிர்க்காற்று தள்ளுவதுபோல் இருக்கும். சிலருக்கு மூச்சு முட்டுவதாகவே தோன்றும். ஆகவே இரவில் தொடங்காதீர்கள், பகலில் தொடங்குங்கள். சாயங்காலம் குளித்துவிட்டு டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் கையால் முகத்தில் பிடித்துப் பாருங்கள். மறுநாள் வாரைக் கட்டிப் பாருங்கள். அதற்கு அடுத்த நாள் யந்திரத்தையும் போட்டு, அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுங்கள். மனம் அதைப் பழகிக்கொண்ட பிறகு படுக்கைக்குக் கொண்டுபோங்கள். அநேகமாக எல்லா யந்திரத்திலும் 'ரேம்ப்' என்று ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் காற்று மெதுவாகத் தொடங்கி, நீங்கள் கண்ணயரும் நேரத்தில் முழு அளவுக்கு ஏறும். அதைக் காட்டித் தராமல் யந்திரத்தை விற்றுவிட்டுப் போகிற கடைக்காரர்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

நடுராத்திரியில் தெரியாமலே கை போய் மாஸ்க்கைப் பிடுங்கிவிடும். முதல் வாரங்களில் இது சகஜம். இங்கேதான் வீட்டுக்காரியின் உதவி வேண்டும். "என்னங்க, கழட்டிட்டீங்களே, மறுபடி மாட்டிக்குங்க" என்று அவர் எழுப்புவார். "விடு புள்ள, நாளைக்குப் பார்க்கலாம்" என்று இவர் திரும்பிப் படுப்பார். அப்படிப் படுக்காதீர்கள். விடியற்காலைத் தூக்கத்தில்தான் கனவு அதிகம் வருகிறது. அந்தக் கனவுத் தூக்கத்தில்தான் தொண்டைத் தசை மிகவும் தளர்ந்து, மூச்சுத் தடையும் பலருக்கு மோசமாகிறது. இரண்டு மணிக்குக் கழற்றி வைக்கிறவர் காவல் வேண்டிய நேரத்தில் காவல்காரனை வீட்டுக்கு அனுப்புகிறார். ஒரு இரவில் 4 மணி நேரமாவது போட்டிருக்கிறாரா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். அது குறைந்தபட்சக் கணக்கு. தூங்கும் நேரம் முழுவதும் போடுவதே முறை. டாக்டரிடம் "தினமும் போடறேன்" என்று சும்மா சொல்லிப் பயனில்லை. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு காற்று கசிந்தது என்று பல யந்திரங்கள் தாமே எழுதி வைத்துக்கொள்கின்றன.

இராத்திரி ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் பகலில் தூங்கும்போது போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் சாய்ந்தாலும் போடவேண்டும்.

மீசையும் மூக்குத்தியும்

காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது, புஸ் புஸ்ஸென்று சத்தம் வருகிறது என்று சொல்கிறவர்கள் உடனே வாரை இறுக்குகிறார்கள். இறுக்க இறுக்க மூக்குத்தண்டில் புண் வருமே தவிர கசிவு நிற்காது. படுத்துக்கொண்டு, யந்திரத்தை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கொஞ்சம் முகத்தைவிட்டுத் தூக்கி மறுபடி உட்கார வைத்துப் பிறகு வாரைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பொருந்துகிற மாஸ்க், படுத்தால் முகத்தசை சரிவதால் பொருந்தாமல் போகும்.

நம்மவர்களுக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. அடர்ந்த மீசை, தாடி உள்ளவர்களுக்கு மாஸ்க்கின் ஓரம் ஒட்டாது. மீசையை எடுக்கச் சொன்னால் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும்! எடுக்கவேண்டாம், மூக்குத் துவாரத்திலேயே பொருந்துகிற சின்ன மாஸ்க் இருக்கிறது, அதைக் கேளுங்கள். தாய்மார்களின் மூக்குத்தியும் இப்படித்தான், ஒன்று இரவில் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் மாஸ்க் வகையை மாற்றவேண்டும். இரவில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தால் வார் வழுக்கும், மாஸ்க்கின் சிலிக்கோன் ரப்பரும் சீக்கிரம் கெடும். எண்ணெயைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே மாஸ்க். தைலம், பாம் எதையும் மாஸ்க்குக்குள் தடவக்கூடாது, யந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியிலும் விடக்கூடாது. பல் செட் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிப் படுப்பதானால், கழற்றிய முகத்துக்கே அளவு பாருங்கள்.

காலையில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டால், வாயைத் திறந்து தூங்குகிறீர்கள் என்று பொருள். மூக்கு அடைப்பு இருந்தால் முதலில் அதற்கு மருந்து வாங்குங்கள். தாடையைத் தாங்கும் வார் உண்டு, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கும் உண்டு. வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள், குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். அழுத்தத்தை நீங்களாகவே திருகி மாற்றவேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருடைய யந்திரத்தை இரவல் வாங்கிப் போடுவதும் இதே தவறுதான், அவர் தொண்டைக்கு வைத்த அளவு உங்கள் தொண்டைக்கு ஆகாது.

தண்ணீர், புகை, கரண்ட்

தொட்டியில் ஊற்ற வாலைத் தண்ணீர், அதாவது மருந்துக்கடையில் விற்கும் 'டிஸ்டில்ட்' தண்ணீர் நல்லது. அது இல்லாத நாளில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றலாம். மோட்டார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். அது மூச்சில் போவதற்காகச் செய்தது அல்ல. மிச்சத் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிடுங்கள். மழை இரவுகளிலும் ஏர்கோன் போட்ட அறையிலும் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும். அப்போது ஈரப்பதத்தைக் குறைத்து வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. சிலருக்குத் தொட்டியே தேவைப்படுவதில்லை.

கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் யந்திரத்துக்குப் பக்கத்தில் கொளுத்தாதீர்கள். அது புகையை இழுத்து நேராக உங்கள் நெஞ்சுக்குள் அனுப்பும். கொசுவலை கட்டுங்கள், குழாய் வலைக்கு அடியில் தாராளமாக நுழையும். பின்பக்கத்துப் பில்டரை வாரம் ஒரு தடவை பார்த்து, கறுத்திருந்தால் கழுவுகிற வகையானால் கழுவுங்கள், மற்றதானால் மாற்றுங்கள். மாஸ்க்கை மிதமான சோப்பில் தினமும் கழுவி நிழலில் உலர்த்தவேண்டும். குளோராக்ஸ் ஆகாது, கொதிநீர் ஆகாது, வெயிலும் ஆகாது. கரண்ட் போய்விட்டால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளைகள் இருக்கின்றன, பலருக்கு விழிப்பும் வந்துவிடும். ஆனாலும் நின்றுபோன யந்திரத்தோடு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்திருக்கக்கூடாது. கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் படுங்கள்.

குடியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். படுப்பதற்கு முன் போடும் பீரும் சம்சுவும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகின்றன. டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் இந்த நோய்க்காரருக்கு ஆபத்து.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக் கோயிலுக்கு வருகிற உறவினர்கள் வீட்டில் தங்கினால், அவர்கள் முன்னால் மாஸ்க் போட வெட்கப்பட்டு யந்திரத்தை மறைத்து வைக்கிறவர்கள் உண்டு. மூக்குக் கண்ணாடி போடுகிறவர் வெட்கப்படுகிறாரா? யந்திரம் நோயை வேரோடு எடுப்பதில்லை. போட்ட இரவில் வேலை செய்யும், போடாத இரவில் செய்யாது. உடம்பு எடை குறைந்தால் நோயும் குறையலாம்; யந்திரத்தை நிறுத்தலாமா என்பதை மறுசோதனைக்குப் பிறகு டாக்டர் சொல்லட்டும்.

இத்தனை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் நம்முடைய வேலை. நாலரை மணிக்கு எழுந்து, இருட்டில் மோட்டார் சைக்கிளில் ஜாசினிலிருந்து ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! செம்பனைக் குலை ஏற்றிய லாரியும் டிராக்டரும் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறவர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ உண்டுதான், ஆனால் சொக்சோ பணம் போன காலைத் திருப்பிக் கொண்டுவராது. யந்திரம் பழகி, பகல் தூக்கம் விலகும் வரை வண்டி ஓட்டலாமா என்று டாக்டரை வெளிப்படையாகக் கேளுங்கள். ஓட்டவேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதத்தோடு தோட்டத்திலுள்ள சங்கத் தலைவரைப் பாருங்கள். வேறு வேலைக்குத் தற்காலிகமாக மாற்றும்படி நிர்வாகத்திடம் பேசிப் பார்க்கலாம்.

இன்னும் சோதனைக்கே போகாதவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால், மேற்கொண்டு வழி சொல்வார்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள், உங்கள் மூச்சு நிற்பதைக் கண்டவர் அவர்தான். யந்திரம் சில ஆயிரம் வெள்ளி ஆகும். கையில் பணமில்லை என்றால் ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகநலப் பிரிவில் சம்பளச் சீட்டைக் காட்டி உதவி கேளுங்கள். பழைய யந்திரம் மலிவாக வந்தால் மாடல் பெயரையும் எண்ணையும் பாருங்கள். 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் கம்பெனி தன்னுடைய சில வகை மூச்சு யந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சில் போகலாம் என்பது காரணம். அந்த வகை யந்திரங்கள் இன்னும் கைமாறி வரக்கூடும்.

கடைசியாக ஒன்று. வேறு எந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் தங்கப் போனாலும் யந்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஆப்பரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் உங்களுக்கு இந்த நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம்.