டர்போ வண்டியும் தீப்பொறிச் செருகியும்

(ஆட்டோமொபைல் பிரிவு, மூன்றாம் ஆண்டு)



பரீட்சைப் பேப்பரில் இதற்குப் பெயர் ‘தீப்பொறிச் செருகி’. பட்டறையில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே வெறும் பிளக்தான். நானும் இனி பிளக் என்றே எழுதுகிறேன், தமிழ் ஐயா மன்னிக்கவும்.

கடந்த விடுமுறையில் கோவையில் ஒரு கார் பட்டறையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு 1.8 லிட்டர் டர்போ கார் வந்தது. ஈ.சி.யூ. ரீமேப் செய்து, பெரிய இன்டர்கூலர் வைத்து, சுமார் 75 குதிரைத்திறன் கூட்டியிருந்தார்கள். மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. நான்காவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும் வண்டி திக்கித் திக்கி இழுத்தது. ஓனர் பெட்ரோல் பம்ப் போச்சு என்றார். மேஸ்திரி அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: “பிளக் மாத்துனீங்களா?” மாற்றவில்லை.

பூஸ்ட் 1 பார் என்றால், வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்று சிலிண்டருக்குள் நுழைகிறது. பிஸ்டன் அதை இன்னும் நெருக்குகிறது. அந்த நெரிசலான கலவையைத் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். காயிலால் அதைத் தர முடியாவிட்டால் பொறி விழாது, மிஸ்ஃபயர் ஆகும். பிளக் தேயத் தேய கேப் வேறு அகலமாகிக்கொண்டே போகும். 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு பிளக் நொடிக்கு 50 முறை பொறிய வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் டியூன் செய்த டர்போவில் கேப்பைக் குறைக்கிறார்கள். இந்த வண்டிக்கு 0.6 மி.மீ. வைத்தோம். அதற்கும் கீழே போனால் பொறி சின்னதாகி ஐடிலிங் கெடும்.

இரண்டாவது விஷயம் ஹீட் ரேஞ்ச். இதில்தான் நம்மில் பாதிப் பேர் வைவாவில் மாட்டுகிறோம். கோல்டு பிளக் என்றால் பொறி குளிர்ச்சியானது என்று அர்த்தம் இல்லை. உள்ளே இருக்கும் செராமிக் மூக்கு நீளமாக இருந்தால், நுனியின் சூடு சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்ச் சேர நெடுந்தூரம். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற மாதிரி. அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அது கோல்டு பிளக். நுனி சுமார் 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானாக எரிந்து போகும். 850-ஐத் தாண்டிப் போனால் பொறி வருமுன்பே நுனியே நெருப்பு வைத்துவிடும். பிஸ்டன் ஓட்டையாவது அப்படித்தான்.

75 முதல் 100 குதிரைத்திறன் கூட்டினால் ஒரு படி கோல்டு, இது என்.ஜி.கே. சொல்லும் பொதுக்கணக்கு. என்.ஜி.கே.யில் எண் ஏறினால் கோல்டு: 6-க்குப் பதில் 7. டென்சோவில் 20-க்குப் பதில் 22. பாஷில் தலைகீழ், எண் இறங்கினால்தான் கோல்டு. கடையில் “ஒரு நம்பர் கூட கொடுங்க” என்று மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ‘ரேஸ் பிளக்’ என்ற ஆசையில் மூன்று படி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். டவுன் ஓட்டத்தில் அது கரி பிடித்து நின்றுவிடும். டைமிங் தப்பாக வைத்ததால் வரும் நாக்கிங்குக்கும் கோல்டு பிளக் மருந்து இல்லை.

மாட்டும் வேலைக்கு வருகிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வரும். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்று அடித்துத் தூசியை வெளியேற்றிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். பழையதைச் சிலிண்டர் வரிசைப்படி வைத்தோம். மூன்று இளம் பழுப்பு, நான்காவது மட்டும் வெளுத்துப்போய் இருந்தது. புது இரிடியம் பிளக்கில் கேப் வைக்கும்போது நடு நுனியைத் தொடவே கூடாது. ஊசி போன்ற அது உடைந்துவிடும். வெளிக் கம்பியை மட்டும் வளைக்க வேண்டும்.

அங்கேதான் என் கை வழுக்கியது. பிளக் சிமெண்ட் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. எடுத்துத் துடைத்தேன், வெளியே ஒரு கீறல் கூட இல்லை. அதன் விலை, தறி ஓட்டும் என் அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி. கேப்பைச் சரிசெய்து மாட்டிவிடலாமா என்று ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு, “அண்ணா, ஒண்ணு கீழ போட்டுட்டேனுங்க” என்றேன்.

அவர் திட்டவில்லை. “செராமிக்குல மயிரிழை விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது கண்ணு. பூஸ்ட் ஏறுனா பொறி அந்த விரிசல் வழியாத்தான் ஓடும். நாளைக்கு வண்டி திரும்பி வரும், நம்ம பேரு போகும்” என்று வேறொன்று வாங்கிவரச் சொன்னார். பணத்தை என் பயிற்சிப் படியில் பிடித்துக்கொண்டார். நியாயம்தான், ஆனாலும் வலித்தது.

மாட்டும்போது முதல் சுற்றுகளை விரலால்தான் திருகவேண்டும். இறுகினால் நிறுத்தி, கழற்றி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மரைக்கு கிரீஸ் பூசுவது பலருக்கு வழக்கம். மேல்பூச்சு உள்ள இந்த பிளக்குகளுக்கு அது வேண்டாம். வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும். 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள பிளக், அலுமினிய ஹெட் என்றால் டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லையென்றால், புது வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக.

அவினாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். திக்கல் இல்லை. சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி கழற்றி நிறம் பார்த்தோம், நான்கும் ஒரே பழுப்பு.

விழுந்த பிளக் என்னிடம்தான் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் ஆட்டோ லேபில் என்னைக் கேட்கலாம். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.