பூனைக்கு முடி கொட்டுகிறதா? தேக்கா வீட்டுக்கு ஆறு படிகள்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று அது நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம்; தேசியப் பூங்காக் கழகத்தின் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். தேக்கா வட்டாரத்தின் பஃபலோ ரோடு, ரோவல் ரோடு புளோக்குகளில் இனி ஒளித்து வளர்க்க வேண்டியதில்லை. ஆனால் சோபா, வேட்டி, பட்டுப்புடவை என்று எங்கு பார்த்தாலும் முடி!

குளிர்நாட்டுப் பூனைகள் பகல் நீள்வதையும் குறுகுவதையும் ஒட்டிப் பருவத்துக்குப் பருவம் முடி மாற்றும். பூமத்திய ரேகையை ஒட்டிய சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால் இங்கே முடி கொட்டுவதற்கென்று தனிப் பருவம் கிடையாது. நாள்தோறும் கொஞ்சம் கொட்டும். அன்றாடக் கவனிப்பால் அதைச் சமாளிக்கலாம். திடீரென்று அதிகமானால் மட்டும் ‘இது சீசன்’ என்று விட்டுவிடாதீர்கள். காரணம் தேட வேண்டும்.

1. முதலில் தோலைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பாருங்கள். உடல் முழுதும் ஒரே சீராகக் கொட்டி, தோல் சுத்தமாக இருந்தால் அது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் வழுக்கை, சிவப்பு, பொருக்கு தெரிந்தால் இயல்பல்ல. வயிற்றிலும் உள்தொடையிலும் முடி கட்டையாக வெட்டியதுபோல் இருந்தால், பூனையே அளவுக்கு மீறி நக்குகிறது என்று பொருள். அரிப்பு, வலி, மன உளைச்சல் மூன்றுமே அப்படி நக்க வைக்கும்.

2. தெள்ளுப்பூச்சியைச் சோதியுங்கள்

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் தெள்ளுப்பூச்சிக்கு ஆண்டு முழுதும் கொண்டாட்டம். நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வால் அடியிலும் முதுகிலும் வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது பூச்சியின் எச்சம். செரித்த இரத்தம்தான் அந்த நிறம். அப்போது வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் மருந்து போட வேண்டும். படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, உயிரே போய்விடும். நீலகிரித் தைலம், தேயிலை மர எண்ணெய் போன்றவையும் பூனைக்கு நஞ்சு.

3. அளவோடு வாருங்கள்

குட்டை முடிப் பூனைக்கு வாரம் இரண்டு மூன்று முறை ரப்பர் பிரஷ் போதும். பெர்சியன் போன்ற நீள முடிப் பூனைக்குத் தினமும் அகலப் பல் சீப்பு வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சோம்பிக் கிடக்கும் நேரம் பார்த்துத் தொடங்குங்கள். முதலில் கன்னம், பிறகு கழுத்து, முதுகு. வயிற்றைக் கடைசியில் தொடுங்கள். முடி படிந்திருக்கும் திசையிலேயே வாருங்கள். வால் படபடவென்று ஆடினாலோ காது பின்னுக்கு மடிந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். முடித்ததும் ஈரக்கையால் ஒருமுறை தடவினால் மிச்சமும் வந்துவிடும். சிக்குப் பிடித்த முடியைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனையின் மெல்லிய தோல் முடியோடு எழும்பி வெட்டுப்பட்டுவிடும்.

4. தட்டில் என்ன இருக்கிறது?

முடி பெரும்பாலும் புரதத்தால் ஆனது. பூனையோ இறைச்சி தின்றே வாழ வேண்டிய உயிர். நாம் சைவமாக இருந்தாலும் பூனைக்குத் தயிர்ச்சோறு போதாது. தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய மீனை மட்டுமே தினமும் கொடுப்பதும் முழு உணவாகாது. டாரின் உள்ளிட்ட எல்லாச் சத்துகளும் அடங்கிய ‘முழுமையான உணவு’ என்று குறிக்கப்பட்ட பூனை உணவையே முதன்மையாகக் கொடுங்கள். வேகவைத்த கோழி அவ்வப்போது சேரலாம், உப்பும் மசாலாவும் கூடாது. குழம்பு கலந்த சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதிலும் பயனில்லை. அத்தனையும் நக்கியே வயிற்றுக்குள் போய்விடும்.

5. வீட்டையும் அண்டை வீட்டாரையும் கவனியுங்கள்

பொதுத் தாழ்வாரத்தில் நின்று வாராதீர்கள். பறக்கும் முடி பக்கத்து வீட்டுத் துணியில் போய் ஒட்டும். கதவைச் சாத்திக் குளியலறையில் வாரி, முடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவுநீர்க் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் முடி எழும்பிப் பறக்கும். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்துச் சோபாவில் ஒரே பக்கமாக இழுத்தால் முடி திரண்டு உருளும். துணியைத் துவைக்கும் முன் உதறுங்கள். ஏர்கான் வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் வாரும் வேலையை வேறொருவர் செய்யட்டும். தும்ம வைப்பது பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். அதுதான் முடியில் ஒட்டிப் பரவுகிறது.

6. எப்போது மருத்துவரிடம்?

வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் தொற்றும்; தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் தைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி முடி உருண்டை வாந்தி எடுத்தாலோ சாப்பிட மறுத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். முடியோடு தொடர்பில்லாத அவசரம் ஒன்றும் உண்டு: ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

மற்ற நேரங்களில் கிளம்புமுன் வழுக்கை விழுந்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் உணவின் பெயர், தெள்ளுப்பூச்சி மருந்து கடைசியாகப் போட்ட தேதி, வீட்டில் அண்மையில் நடந்த மாற்றம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பூனையால் சொல்ல முடியாததை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.